மீதி இரண்டு சென்ட்

67,46,32,83,88,800. படிக்கவே மூச்சு வாங்கும் இந்த எண், ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையின் அட்டவணையில் கடைசியாக வருவது. இதற்கு 10,080 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. ஒருவர் முதல் இருபத்தெட்டுப் பேர் வரை எத்தனை பேர் பங்கு கேட்டாலும் மீதி விழாமல் பிரித்துக் கொடுக்கும். இருபத்தொன்பது பேர் என்றால்தான் திணறும்.

உடைத்துப் பார்த்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. ஒவ்வோர் எண்ணிக்கையோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால், 7×5×3×3×2×2×2×2×2, காரணிகளின் கணக்கு வந்துவிடும்.

இந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது: 2,93,31,86,25,600. காரணிகள் 5,040. அதை 23-ஆல் பெருக்கினால் மேலே சொன்ன கடைசி எண்ணேதான். எல்லாத் தகுதியும் இருந்தும் பட்டியலில் இல்லை.

அப்படி எங்கள் வீட்டில் மூன்று பேர். மேலூர்ப் பக்கம் தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நிலம் ஒரு ஏக்கர். உயில் கிடையாது. பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார். நான்கு மகன்கள், மூன்று மகள்கள். பெரியப்பா சொன்னார்: "நூறு சென்ட்டு. நாலு பேருக்கு ஆளுக்கு இருபத்தஞ்சு. கணக்கு சுத்தமா நிக்குது. அதுகளையும் சேத்தா பதினாலு சொச்சம்னு இழுக்கும்." அத்தைகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். சீர்தான் செஞ்சாச்சே.

இப்படிப்பட்ட சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1956-லேயே இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. எங்கள் திண்ணையில் சட்டத்தைவிட வாய்பாட்டுக்கு மரியாதை அதிகம்.

அந்த வாய்பாட்டில் நூறு ஒன்றும் பெரிய மனசுக்காரன் இல்லை. காரணிகள் ஒன்பதுதான். 60-க்கே பன்னிரண்டு உண்டு. நூறு மூன்றால் போகாது, ஆறால் போகாது, ஏழாலும் போகாது. சதுர அடியில் பார்த்தால் ஒரு ஏக்கர் 43,560. அதுவும் ஏழால் போகாது. ஏழு பிள்ளை பெற்றவர் ஏழின் மடங்காகப் பார்த்தா நிலம் வாங்குவார்?

அன்று ராத்திரி அப்பா போனில் கேட்டார். "ஏன்டா, ஏழால வகுக்கவே முடியாதா?"

"தாராளமா முடியும்ப்பா. ஆளுக்குப் பதினாலு. ரெண்டு சென்ட்டு மிஞ்சும்."

அடுத்த முறை கூடியபோது அப்பா அதையே சொன்னார். "அந்த ரெண்டு சென்ட்டு யாருக்கு?" என்றார் பெரியப்பா. அதுவரை வாயே திறக்காத நடு அத்தை கேட்டார்: "கிணறும் பாதையும் எந்தக் கணக்குல வருதுண்ணே?"

யாரும் பதில் சொல்லவில்லை. பெரியாறு கால்வாயில் தண்ணீர் வராத வருஷங்களில் அந்தக் கிணறு இருந்தால்தான் நிலம். சுத்தமாக நின்ற நாலு பங்கில் அது யாருக்கு என்று ஒருத்தரும் யோசித்திருக்கவில்லை.

பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. பெரியப்பா அத்தைகளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அளந்து போட்ட வரைபடத்தில் இப்போது ஏழு பெயர்கள் இருக்கின்றன. கிணறும் பாதையும் பொது.