கோட்டை அழிக்காமல் சிக்கலைக் குறைப்பது

“உறவு ரொம்ப அதிகமாகிவிட்டது, நாலைந்தை வெட்டிவிட்டால் நிம்மதி” என்று இளையவர்கள் சொல்லக் கேட்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. வலைப்பின்னல் படம் வரைகிறவர்களின் வேலையை அவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். ஆட்களைப் புள்ளிகளாக வைத்து, தொடர்புள்ளவர்களைக் கோட்டால் இணைப்பார்கள். கோடுகள் தாறுமாறாகக் குறுக்கிட்டால் எது எங்கே போகிறதென்று கண்ணுக்குப் பிடிபடாது. அதற்காகக் கோட்டை அழித்தால் படம் பொய்யாகிவிடும். புள்ளிகளைத்தான் இடம் மாற்ற வேண்டும்.

1944இல் ஹங்கேரியக் கணிதர் பால் தூரான், புடாபெஸ்ட் அருகே கட்டாய உழைப்பு முகாமில் செங்கல் வண்டி தள்ளினார். ஒவ்வொரு சூளையிலிருந்தும் ஒவ்வொரு கிடங்குக்கும் தண்டவாளம். தண்டவாளங்கள் குறுக்கிடும் இடங்களில் வண்டி தடம் புரண்டு செங்கல் சரியும். அந்தக் கொடுமைக்கு நடுவிலும், குறுக்கீடுகளை எவ்வளவு குறைக்க முடியும் என்று அவர் யோசித்தார். அந்தக் கேள்விக்கு முழு விடை இன்றுவரை நிறுவப்படவில்லை.

பத்துப் புள்ளிகளை வரிசையாக அடுக்கவே 36,28,800 வழிகள் உண்டு. புள்ளிகள் கூடக்கூட, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து மாளாது. அதனால் பரிணாமத்தின் வழியைக் கையாள்கிறார்கள். 1975இல் ஜான் ஹாலண்ட் தம் நூலில் விரித்துரைத்த முறை அது. முதலில் ஏனோதானோவென்று பல படங்கள். குறுக்கீடு குறைந்தவற்றுக்கு மதிப்பெண் கூடும். அவற்றில் இரண்டின் அமைப்பைக் கலந்து புதுப் படங்கள் பிறக்கும். அங்கங்கே ஒரு புள்ளி லேசாக நகர்த்தப்படும். தலைமுறை தலைமுறையாகப் படம் தெளியும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று: முதல் மதிப்பெண் படங்களை மட்டும் வைத்துக்கொண்டால், சீக்கிரமே எல்லாம் ஒரே சாயலாகி முன்னேற்றம் நின்றுவிடும். சற்றுப் பின்தங்கியவற்றுக்கும் இடம் கொடுத்தால்தான் புதுவழி திறக்கும். வீட்டில் ஒத்துவராத பிள்ளை என்று ஒதுக்கப்பட்டவன் பிற்பாடு வழிகாட்டியதை நான் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்.

எவ்வளவு முயன்றாலும் சில குறுக்கீடுகள் போகாது. ஐந்து புள்ளிகளை எல்லோரும் எல்லோரோடும் சேரும்படி தாளில் இணைத்துப் பாருங்கள். எப்படி வளைத்து வரைந்தாலும் ஒரு வெட்டாவது விழும். ஐந்து பேர் இருக்கும் வீட்டிலும் ஓர் உரசல் இருக்கத்தான் செய்யும். அதற்காக யாரையும் விலக்கிவிடாதீர்கள்.