அம்மாச்சியின் கோல நோட்டும் ஆறரை மீட்டர் துணியும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. இன்டர்னல் தேர்வு, ரெக்கார்டு நோட்டு என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் இந்த முறை உண்மையான காரணம் வேறு. இரண்டு மாதமாக ஒரு சேலைக்குப் பின்னால் அலைந்துகொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். அம்மாவுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். கடையில் எடுத்துக் கொடுத்தால் "இந்த விலைக்கு ரெண்டு எடுத்திருக்கலாமே" என்பாள். அதனால் கடையிலேயே கிடைக்காத சேலையாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

அம்மாச்சி போய் நாலு வருடம் ஆகிறது. அவர் விட்டுப்போனதில் அம்மா பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது நகையை அல்ல, ஒரு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டை. அதில் 24 கோலங்கள். சிலது பென்சில், சிலது நீல பால்பாயின்ட் பேனா. ஓரத்தில் "15 - 8 ஊடு" என்பது மாதிரி அவர் கையெழுத்தில் கணக்கு. (கோலம் தெரியாத என்னைப் போன்ற ஜென்மங்களுக்கு: நடுவில் 15 புள்ளி வைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-ல் நிறுத்த வேண்டும். ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் உட்கார வேண்டும். அதுதான் ஊடு.) அந்தக் கோலங்களைச் சேலையில் அச்சடித்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? இதுதான் யோசனை. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யாருமில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். அதற்கான தண்டனையும் எனக்கே கிடைத்தது.

ஒரே ஒரு சேலைக்கு அச்சா என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் முடியாதுதான். ஸ்கிரீன் பிரின்டிங்கில் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் செய்ய வேண்டும். அந்தச் செலவைப் பங்கு போட நூற்றுக்கணக்கான மீட்டராவது ஓட வேண்டும். டிஜிட்டலில் ஸ்கிரீனே கிடையாது. நம் வீட்டு இங்க்ஜெட் பிரின்டரின் பெரியப்பா போல ஒரு மெஷின், காகிதத்துக்குப் பதில் துணி. 2003-ல் பர்மிங்ஹாமில் நடந்த ஜவுளி இயந்திரக் கண்காட்சியில்தான் இவை பெரிய அளவில் பேசப்பட ஆரம்பித்தன. 2008-ல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஸ்பூன்ஃப்ளவர் என்ற கம்பெனி, யார் வேண்டுமானாலும் படத்தை அனுப்பித் துணி வாங்கலாம் என்று ஆரம்பித்தது. நிறுவனர்களில் ஒருவரின் மனைவி திரைச்சீலைக்குத் தனக்குப் பிடித்த டிசைன் வேண்டும் என்று ஆசைப்பட்டதுதான் அதன் தொடக்கமாம். திரைச்சீலை விஷயம் என் கதையிலும் வரும், பொறுங்கள்.

முதல் ஆர்டரை ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் கொடுத்தேன். நோட்டைக் கேமராவில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சேலை வேணும்" என்றேன். "சாரி மெட்டீரியல்தானே? போட்டுரலாம்" என்றார்கள். ஆறு மீட்டர், மீட்டர் 220 ரூபாய், மொத்தம் 1,320. வந்து பிரித்துப் பார்த்தால் வழுவழுவென்று மின்னுகிறது. பாலியஸ்டர்! என் அம்மா பாலியஸ்டர் கட்ட மாட்டாள். பெரியகுளம் வெயிலில், அடுப்படியில் நிற்பவள் கட்டவும் முடியாது. போதாக்குறைக்கு வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிட்டதால் கோடெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக இருந்தது.

கோபமாகப் போன் செய்தேன். "நீங்க காட்டன்னு சொல்லவே இல்லையே" என்றார்கள். யோசித்துப் பார்த்தால் சொல்லத்தான் இல்லை. அவர்கள் கேட்கவும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்தத் துணி இப்போது என் அறை ஜன்னலில் திரைச்சீலையாகத் தொங்குகிறது. ரூம்மேட் பயல் தினமும் அதைப் பார்த்துக் கும்பிடுகிறான்.

அதற்குப் பிறகுதான் கொஞ்சம் படித்தேன். முதலில் முடிவு செய்ய வேண்டியது டிசைன் இல்லை, துணி. துணிதான் மையை முடிவு செய்கிறது. பாலியஸ்டருக்கு சப்ளிமேஷன்: படத்தை முதலில் காகிதத்தில் கண்ணாடி பிம்பமாக அடித்து, துணியோடு சேர்த்து 200 டிகிரி அளவுக்குச் சூடு கொடுத்து அழுத்துவார்கள். சாயம் ஆவியாகி நூலுக்குள் போய்விடும். அதையே பருத்தியில் செய்தால் நாலு துவைப்பில் வெளுத்துவிடும். பருத்திக்கு ரியாக்டிவ் மை. அது நூலோடு ரசாயனப் பிணைப்பே போட்டுக்கொள்கிறது. பட்டுக்குப் பெரும்பாலும் ஆசிட் மை. இது தெரியாமல் 1,320 ரூபாய்க்குப் பாடம் வாங்கினேன்.

இரண்டாவது முறை நேரிலேயே போனேன், திருப்பூருக்கு. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அண்ணன் என் ஃபைலைத் திறந்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "கோலம் வெள்ளைங்களா தம்பி? நம்மகிட்ட வெள்ளை மை கெடையாதுங்களே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பனியனில் நேரடியாக அடிக்கும் மெஷின்களில் வெள்ளை மை உண்டு. ரியாக்டிவ் மையில் இல்லை. துணியின் வெள்ளைதான் வெள்ளை. அதாவது கோலத்தை அவர்கள் அச்சடிக்கப் போவதே இல்லை. கோலத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அச்சடிப்பார்கள். வாசலை அடிப்பார்கள், கோலம் தானாக மிஞ்சும். இதைக் கேட்டதிலிருந்து பஸ் ஏறும்வரை இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கேள்வி: "முந்தானைல எழுத்து எந்தப் பக்கம் பாக்கோணும்?" இதையும் நான் யோசித்ததில்லை. உடம்பில் சுற்றும் பகுதியில் சேலையின் அகலம்தான் மேல்-கீழ். முந்தானை முதுகில் தொங்கும்போது நீளம் மேல்-கீழ் ஆகிவிடும். இரண்டுக்கும் ஒரே திசையில் போட்டால் அம்மாச்சியின் கையெழுத்து முதுகில் படுத்துக் கிடக்கும். முந்தானை மட்டும் 90 டிகிரி திருப்பினோம்.

மெஷின் ஓடுவதையும் பார்க்க விட்டார்கள். துணியை முன்னாடியே சோடியம் ஆல்ஜினேட், யூரியா, சோடா கலந்த கரைசலில் முக்கிக் காயவைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் மை பரவும், பிடிக்கவும் செய்யாது. அச்சாகி வெளியே வரும்போது நிறம் செத்துப்போய் இருந்தது. என் முகத்தைப் பார்த்து அண்ணன் சிரித்தார். "ஸ்டீம் பண்ணுனாத்தாங்க கலர் முழிக்கும்." சுமார் 102 டிகிரி நீராவியில் எட்டு, பத்து நிமிடம். அப்புறம் ஒட்டாத சாயம் போகும்வரை பலமுறை அலச வேண்டும். அலசுவதற்குத் துணி வேறு இடத்துக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் விஷயம் திருப்பூரில் சாதாரணமானது இல்லை. நொய்யல் கெட்ட கதையும், 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் தெரிந்திருக்கும். டிஜிட்டலில் தண்ணீர் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை.

"மொதல்ல ஒரு மீட்டர் ஸ்ட்ரைக் ஆஃப் எடுத்துக்கங்க" என்றார். ஸ்ட்ரைக் ஆஃப் என்றால் மாதிரி அச்சு. 400 ரூபாய். முன்பு என்றால் வீண் செலவு என்றிருப்பேன். திரைச்சீலை ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன்.

அந்த ஒரு மீட்டரில் மூன்று தப்பு இருந்தது.

ஒன்று, நிறம். சாணம் தெளித்துக் காய்ந்த வாசலின் நிறத்தை லேப்டாப்பில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். துணியில் அது செங்கல் மாதிரி வந்திருந்தது. திரை வெளிச்சத்தால் காட்டுகிறது, துணி மையால் காட்டுகிறது, இரண்டும் ஒன்றாகாது. அவர்களே பருத்தியில் அடித்து, எண் போட்டு வைத்திருக்கும் கலர் சார்ட் ஒன்று இருந்தது. அதைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் வைத்து எண்ணைச் சொன்னேன். இனி யாராவது "ஸ்கிரீன்ல நல்லா இருந்துச்சே" என்றால் நான் பேச மாட்டேன்.

இரண்டு, சுருக்கம். சாதாரணப் பூ டிசைன் என்றால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. கோலமாச்சே! புள்ளிகள் சம தூரத்தில் நிற்க வேண்டும். அளந்து பார்த்தால் அகலத்தில் 10 சென்டிமீட்டர் அப்படியே இருந்தது, நீளத்தில் 9.6 ஆகியிருந்தது. நீராவியும் அலசலும் சேர்ந்து துணியை நீளவாக்கில் இழுத்துக்கொண்டுவிட்டன. வட்டமெல்லாம் லேசாக நசுங்கியிருந்தது. ஃபைலையே அந்த அளவுக்கு நீட்டி அடித்தால் சரியாகிவிடும் என்றார்.

மூன்றாவது தப்பு மெஷின் செய்தது இல்லை.

மாதிரியை சிங்காநல்லூரில் இருக்கும் சித்தியிடம் காட்டினேன், ரகசியம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. சித்தி மடியில் விரித்து ஒரு சிக்குக் கோலத்தின் மேல் விரலை ஓட்டினாள். ஒரு சுற்று போனாள். மறுபடி முதலிலிருந்து போனாள்.

"இது எங்க அம்மா போட்டது இல்லையேடா."

"நோட்டுலேருந்துதான் சித்தி."

"இது ரெண்டு இழைடா. ரெண்டும் தனித்தனியா சுத்தி வரும். நீ ஒண்ணாக்கி வச்சிருக்க."

நடந்தது இதுதான். வாட்ஸ்அப் படிக்கட்டுக்குப் பயந்து, நான் இங்க்ஸ்கேப்பில் எல்லாக் கோலத்தையும் புதிதாக வரைந்திருந்தேன். ஒரே தடிமன், வளைவெல்லாம் வழவழப்பு. பேனா மங்கிய ஓரிடத்தில் இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிப் போவது தெரியாமல், வளைத்து விட்டுவிட்டேன். இரண்டு இழை ஒரே இழையாகிவிட்டது. இது பரவாயில்லை, திருத்திவிடலாம். ஆனால் சித்தி துணியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொன்று சொன்னாள்: "அழகாத்தான் இருக்கு. மார்கழிக்கு விக்கிற கோலப் புஸ்தகம் மாதிரி இருக்கு."

அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து நான் செய்தது, அம்மாச்சியின் கையைத் துடைத்து எடுத்த வேலை. ஒரு பொருளைக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பி, அதில் இருந்த ஒரே முக்கியமான விஷயத்தை 'சரி' செய்துவிட்டேன்.

மறுபடி ஆரம்பித்தேன். நோட்டு அம்மா பீரோவில். சித்தி ஏதோ பொய் சொல்லி வாங்கிவந்தாள் (என்ன பொய் என்று இன்றுவரை சொல்லவில்லை). லைப்ரரி ஸ்கேனரில் 600 டிபிஐ-யில் ஒன்பது பக்கங்களை எடுத்தேன். துணி அச்சுக்கு 150 டிபிஐ போதும் என்பதால் நான்கு மடங்கு பெரிதாக்கலாம். நோட்டில் உள்ளங்கை அளவு கோலம், துணியில் தாம்பாளம் அளவு. கோடு எதையும் வரையவில்லை. நோட்டின் நீலக் கோடுகளையும் மஞ்சள் கறையையும் மட்டும் ஜிம்ப்பில் அழித்துவிட்டு, அவர் போட்ட கோட்டை அப்படியே வெள்ளையாக்கினேன். பெரிதாக்கியபோது பென்சில் கோடு காகிதத்தின் சொரசொரப்பில் விட்டு விட்டு விழுந்திருப்பது தெரிந்தது. விரலிடுக்கிலிருந்து மாவு விழுந்த மாதிரியே! இதை நான் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால் வந்திருக்காது.

ரவிக்கைத் துணியோடு ஆறரை மீட்டர், மீட்டர் 380, மொத்தம் 2,470. மாதிரி, திரைச்சீலை எல்லாம் சேர்த்து 4,190 ரூபாய். மெஸ் ரீஃபண்டு பணம் முழுக்கப் போச்சு. ஃபைலைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். "வாட்ஸ்அப்புலயே அனுப்பியிருக்கலாமுங்களே" என்றார் அண்ணன். போதும்பா.

பிறந்தநாள் அன்று அம்மா சேலையைப் பிரித்தாள். முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மை ஒரு பக்கம்தான் நன்றாக ஏறும், பின்பக்கம் கொஞ்சம் வெளிறியிருக்கும். "கொசுவம் வைக்கிறப்ப தெரியுமோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எனக்கு உள்ளே உதறல். அப்புறம் முந்தானைக்கு வந்தாள். ஓரத்தில் "15 - 8 ஊடு". அம்மாச்சி எட்டு போட்டால் கீழ்ச் சுழி மேல்ச் சுழியைவிடச் சின்னதாக இருக்கும், தலைகீழாக நிற்பது மாதிரி. அந்த எட்டின் மேல் அம்மா கை நின்றது. ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து பீரோவைத் திறந்து, நோட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் "எவ்வளவுடா ஆச்சு?" என்றாள். 2,470 என்றேன். ஜன்னல் கதையை இன்னும் சொல்லவில்லை. இதைப் படிக்கிறவர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் இருந்தால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.

இன்னும் கட்டவில்லை. ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறாள். தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசு, நேர் வெயிலில் போடாதே என்று நான் சொன்னதற்கு, "துணி தொவைக்க நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டாள். நோட்டில் இன்னும் 15 கோலங்கள் பாக்கி இருக்கின்றன, சித்திக்கு இப்போதே கண் அதில். எனக்கு வியாழக்கிழமை தேர்வு. வரட்டுமா?