தேயாத கிளட்ச் பிளேட்

சேலத்தில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் தெரிந்தே பொய் சொல்லிக் காசு வாங்கினேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவருடையது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. "ஊருக்குள்ள நல்லாத்தான் ஓடுது தம்பி. ஏற்காடு ஏறும்போது அடிவாரத்துலயே இழுக்க மாட்டேங்குது" என்றார். நான் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளைச் சுத்தம் செய்து, ப்ளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றி அனுப்பினேன். குறை அப்படியே இருந்தது. "மலையில எல்லா வண்டியும் அப்படித்தான் சார்" என்று சமாளித்தேன். 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவதால் இஞ்சின் சக்தியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறையும் என்பது உண்மைதான். ஆனால், அடிவாரத்திலேயே திணறுகிற வண்டிக்கு அது பதில் ஆகாது. அது தெரிந்தேதான் சொன்னேன்.

மறுபடி வந்தபோது கிளட்ச் என்றேன். கிளட்ச் வழுக்குகிறதா என்று பார்க்கச் செலவே கிடையாது. நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இஞ்சின் சத்தம் மட்டும் ஏறி, வேகம் ஏறாமல் நிற்கும். அதைக்கூடப் பார்க்காமல் கியர் பாக்ஸை இறக்கினேன். கையில் வந்த பிளேட்டில் லைனிங் கனமாக இருந்தது. ரிவெட்டுகள் நன்றாக உள்ளே புதைந்திருந்தன. இன்னும் பல வருஷம் ஓடக்கூடிய பிளேட். திருப்பி மாட்டினால் என் கணிப்பு தப்பு என்று ஆகிவிடும், கூலியும் கேட்க முடியாது. பழைய இரும்போடு அதைப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டினேன். "சுத்தமா தேஞ்சு போச்சு சார்" என்றேன். நம்பிப் பணம் கொடுத்தார்.

அப்புறமும் வண்டி இழுக்கவில்லை. உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தது என்னிடம் வேலை பழகிய பையன். இஞ்சினை உறுமவிட்டு சைலன்சர் வாயில் கையை வைத்துப் பார்த்தவன், "அண்ணே, காத்தே சரியா வரல" என்றான். முன்குழாயின் நட்டுகளைத் தளர்த்தி ஓட்டினோம். சத்தம் காதைப் பிளந்தது, வண்டி சீறிக்கொண்டு போனது. அடைத்திருந்தது, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். ஆசிரியரின் கார் முதலில் சென்னையில் வாங்கிய வண்டி. 1995 ஏப்ரலிலிருந்து சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. ப்ளக் சரியாக எரியாமல் ஓடினால் எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உருகி அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாத இஞ்சினால் புதுக்காற்றை இழுக்கவும் முடியாது. ஐடிலில் இது தெரியாது, பாரம் ஏறினால்தான் தெரியும். அவர் முதல் நாளே சொன்னது அதைத்தான்.

வேக்குவம் கேஜ் என் அலமாரியிலேயே இருந்தது. இன்டேக்கில் மாட்டி, இஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்திருந்தால் முள் மெல்ல மெல்ல இறங்கி அடைப்பைக் காட்டியிருக்கும். ஐந்து நிமிஷ வேலை. இத்தனை வருஷ அனுபவத்துக்கு கேஜ் எதற்கு என்ற திமிர் எனக்கு.

கன்வெர்ட்டரை மாற்றிக் கொடுத்து, அதற்கும் பில் போட்டேன். கிளட்ச் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கிளட்ச் பணம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லித் திருப்பித் தர வேண்டும், தருவேன்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'இழுவை இல்லை' என்று வண்டியை விடும்போது மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் ஓட்டிக் காட்டுங்கள். எதைச் சோதித்துப் பார்த்து இந்தப் பாகத்தை மாற்றச் சொல்கிறார் என்று கேளுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். அந்த ஆசிரியர் கேட்டிருந்தால் நான் காட்டியிருக்க முடியாது.