விடுதிக்கு முன் வீதியைப் பாருங்கள்



கடல் கடந்த பயணம் என்பது ஒரு காலத்தில் பொருள் தேடிச் செல்வோருக்கும் ஹஜ்ஜுக்குச் செல்வோருக்கும் மட்டுமே உரியதாக இருந்தது. இன்று நிலைமை மாறியுள்ளது. பிள்ளைகள் ஈட்டிய செல்வத்தைக் கொண்டு பெற்றோரையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு குடும்பமாக வெளிநாடு சென்று வருவது நம்மிடையே பெருகியுள்ளது. அவ்வாறு புறப்படுவோர் முதலில் கேட்கும் கேள்வி, 'எந்த விடுதி சிறந்தது?' என்பதே. நீச்சல்குளம் உண்டா, அறையிலிருந்து கடல் தெரியுமா, காலை உணவு வாடகையில் அடங்குமா என்றெல்லாம் விசாரிக்கின்றனர். அவ்விடுதி நகரின் எப்பகுதியில் அமைந்துள்ளது என்பதைக் கடைசியாகவே கேட்கின்றனர். சிலர் கேட்பதே இல்லை.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். உயர்தர விடுதிகளின் அறைகள் எந்நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. வேறுபடுவது வாசலுக்கு வெளியே உள்ள வீதி. ஆகவே முதலில் பகுதியைத் தேர்ந்துகொண்டு, பிறகு அப்பகுதியில் விடுதியைத் தேடுவதே முறையாகும். நம்மவருக்கு நெடுங்காலத் தொடர்புள்ள பினாங்குத் தீவைக் கொண்டே இதனை விளக்கலாம்.

பழைய நகரம்

தீவின் வடகிழக்கு முனையில் ஜார்ஜ் டவுன் இருக்கிறது. 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கினார். சோழ மண்டலக் கரையிலிருந்து வந்த நம் முன்னோர் தொடக்க நாள்களிலேயே இங்கு வணிகம் செய்தனர். 'சூலியா' என்று அவர்கள் அழைக்கப்பட்டதால், ஒரு தெருவுக்கே சூலியாத் தெரு என்று பெயர் நிலைத்துவிட்டது. அச்சமூகத்தின் தலைவராக விளங்கிய காதர் முஹ்யித்தீன் அவர்களின் பெயரோடு தொடர்புடைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் நிறுவப்பட்டது. அதன் அருகிலேயே நாகூர் தர்ஹாவின் நினைவாக எழுப்பப்பட்ட தர்ஹா உள்ளது. சிறிது தொலைவில் 1808இல் கட்டப்பட்ட ஆச்சே தெருப் பள்ளிவாசல் இருக்கிறது. கப்பல் காலத்தில் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டோர் கூடித் தங்கிய தெரு அது.

இப்பகுதியின் புகழ்பெற்ற உயர்தர விடுதி, 1885இல் தோன்றிய ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல். சிங்கப்பூரின் ராபிள்ஸ் விடுதியைத் தொடங்கிய ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்களே இதனையும் நிறுவினர். பார்க்குவார் தெருவில் கடலை ஒட்டி நிற்கும் இவ்விடுதியிலிருந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவுதான். வக்து நெருங்கியதும் நடந்தே சென்று ஜமாஅத்தோடு தொழலாம். திரும்பும் வழியில் நாசி கந்தார் உண்ணலாம். நம்மவர் காவடித்தண்டில் சோறும் குழம்பும் சுமந்து தெருத்தெருவாய் விற்ற உணவே அப்பெயர் பெற்றது என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

எனினும் இங்கே குறைகளும் உண்டு. விடுதியருகே கடல் உண்டே தவிர, குளிப்பதற்கேற்ற மணற்கரை இல்லை. 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பழைய கடைவீடுகளைப் புதுப்பித்து அமைத்த சிறு விடுதிகள் இங்கே பல. அவை அழகானவை; ஆனால் சிலவற்றில் செங்குத்தான மரப்படிகள் உண்டு, மின்தூக்கி இராது. கடைகளின் முன்னுள்ள 'அஞ்சடி' நடைபாதைகள் மேடும் பள்ளமுமாக இருப்பதோடு, பல இடங்களில் மோட்டார் சைக்கிள்கள் வழிமறித்து நிற்கும். முழங்கால் வலியுள்ள தாயாரை அழைத்துச் செல்வோர் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நடுப்பகுதி

பழைய நகரிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர் வடமேற்கே சென்றால் கர்னி டிரைவ் என்னும் கடலோரச் சாலையும் அதனையொட்டிப் புலாவ் திக்குஸ் பகுதியும் வருகின்றன. உயர்ந்த விடுதிகள், பெரிய வணிக வளாகங்கள், அகன்ற நடைபாதை ஆகியவை இங்கே உண்டு. ஆயினும் முன்பு சாலையைத் தொட்டுக்கொண்டிருந்த கடல், நிலமீட்புப் பணிகளால் இப்போது தள்ளிப் போய்விட்டது. கடற்காட்சிக்காகக் கூடுதல் வாடகை கொடுப்போர், அறையிலிருந்து தெரிவது கடல்தானா, நிரப்பிய மண்ணா என்று கேட்டறிவது நல்லது.

மருத்துவத்திற்காகப் பினாங்கு செல்வோருக்கு இப்பகுதியே ஏற்றது. பெயர்பெற்ற தனியார் மருத்துவமனைகள் சில இதன் சுற்றுவட்டாரத்திலேயே உள்ளன. நோயாளியோடு தங்குவோருக்கு நீச்சல்குளத்தைவிட மருத்துவமனை வாசலே முக்கியமல்லவா?

வடக்குக் கடற்கரை

மேலும் மேற்கே சென்றால் தஞ்சோங் புங்கா வரும். அங்கே கடல்மேல் தூண்களில் எழுப்பப்பட்ட மிதக்கும் பள்ளிவாசலைக் காணலாம். அதற்கும் அப்பால், ஜார்ஜ் டவுனிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, பத்து பெரிங்கி கடற்கரை உள்ளது. 1973இல் திறக்கப்பட்ட ராசா சாயாங் முதலிய பெரிய ஓய்வு விடுதிகள் இங்கேதான் வரிசையாக நிற்கின்றன. மணற்கரை, மரநிழல், பிள்ளைகள் ஓடியாடத் தோட்டம், மாலையில் சாலையோர இரவுச் சந்தை ஆகிய அனைத்தும் உண்டு. சிறு குழந்தைகளோடு ஓய்வெடுக்க வருவோருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தீவில் அரிது.

ஆனால் நகருக்கு வர வேண்டுமாயின் மலைக்கும் கடலுக்கும் இடையே வளைந்து நெளியும் சாலையில்தான் வர வேண்டும். விடுமுறை நாள்களில் வாகனங்கள் ஊர்ந்தே செல்லும். விமான நிலையமோ தீவின் மறுகோடியில், தென்கிழக்கேயுள்ள பாயான் லெப்பாஸில் இருக்கிறது. இரவில் வந்திறங்கும் முதியோருக்கு அப்பயணம் எளிதன்று.

ஒரு பெரியவரின் ஏக்கம்

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அண்மையில் பினாங்கு சென்று வந்தது. அக்குடும்பத்து மூத்தவருக்கு வயது எழுபத்தைந்து. 1970களில் 'சிதம்பரம்' கப்பலில் சென்று, சூலியாத் தெருக் கடையொன்றில் எட்டு ஆண்டுகள் உழைத்தவர். 1985இல் அக்கப்பல் தீவிபத்துக்குள்ளாகி, அந்தக் கடல்வழிப் பயணமும் நின்றுபோயிற்று. அதன்பின் அவர் பினாங்கைப் பார்க்கவில்லை. 'வாப்பாவுக்குக் குறையேதும் இருக்கக் கூடாது' என்று பிள்ளைகள் பெரும்பணம் கொடுத்துக் கடற்கரை விடுதியில் அறை எடுத்தனர். ஐந்து நாள்கள் தங்கினர். பேரப்பிள்ளைகள் நீரைவிட்டு எழவில்லை. நகருக்குச் சென்று வருவது ஒவ்வொரு நாளும் தள்ளிப்போய், இறுதி நாளில் இரண்டு மணி நேரம் மட்டுமே கிடைத்தது. இளமையில் அன்றாடம் தொழுத பள்ளிவாசலில் ஒரு சுபுஹு தொழ வேண்டும் என்பதே அவருடைய ஆசை. அது நிறைவேறவில்லை.

ஊர் திரும்பியபின் அவரைக் கண்டு விசாரித்தேன். "அறை ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி. புள்ளைங்க மனசு நோகக் கூடாதுன்னு நான் ஒண்ணும் சொல்லிக்கல" என்றார்.

பிள்ளைகளின் அன்பில் குறையில்லை, செலவிலும் குறையில்லை. 'உங்களுக்கு எங்கே தங்க ஆசை, வாப்பா?' என்ற ஒரு கேள்விதான் விடுபட்டுப் போயிற்று. ஐந்து இரவுகளில் இரண்டைப் பழைய நகரிலும் மூன்றைக் கடற்கரையிலுமாகப் பிரித்திருந்தால் இரு தரப்பாரும் மகிழ்ந்திருப்பர். செலவும் கூடியிராது.

கேட்க வேண்டியவை

முன்பதிவு செய்யுமுன் சிலவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் நடக்கும் தொலைவில் உண்டா? இரவு ஒன்பது மணிக்குமேல் குழந்தைக்குப் பால் வாங்கக் கடை உண்டா? மின்தூக்கி உண்டா? நகருக்குச் செல்லப் பேருந்து உண்டா, வாடகை வண்டி ஒன்றே கதியா? பெரிய விடுதியில் உணவகங்கள் பல இருக்கும். மலேசிய அரசின் 'ஜாகிம்' துறை வழங்கும் ஹலால் சான்றிதழ் அவற்றுள் எந்தச் சமையற்கூடத்திற்கு உண்டு என்று தனித்தனியே கேளுங்கள். முஸ்லிம்கள் மிகுந்த நாடு என்பதால் எல்லாம் ஹலாலாகவே இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். வெளிநாட்டவர் அறையொன்றுக்கு இரவுதோறும் செலுத்த வேண்டிய 10 ரிங்கிட் சுற்றுலா வரி 2017இல் நடைமுறைக்கு வந்தது. வாடகையைக் கணக்கிடும்போது அதனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீண்விரயத்தை மார்க்கம் வெறுக்கிறது என்பதை நாம் அறிவோம். அதிக வாடகை கொடுப்பதையே நாம் வீண்விரயம் என்று எண்ணுகிறோம். உடன் வருவோருக்குப் பயன்படாத இடத்தில் கொண்டுபோய்த் தங்கவைப்பதும் அதில் அடங்கும். அடுத்த பயணத்திற்கு அறை தேடும் முன், வீட்டில் உள்ள மூத்தவரை அருகில் அமர்த்தி, ஊரின் வரைபடத்தை அவர்முன் விரித்து வையுங்கள். அவர் விரல் எந்தத் தெருவில் நிற்கிறதோ, அங்கிருந்து விடுதியைத் தேடத் தொடங்குங்கள்.