நான்கு மணி, கொல்கத்தா நேரம்

மதுரையிலோ பட்டியாலாவிலோ லினக்ஸ் கணினியை நிறுவுகிறவர் நேர மண்டலப் பட்டியலைத் திறந்தால் அதில் சென்னை இருக்காது. தில்லி, மும்பையும் இருக்காது. இந்தியா முழுவதற்கும் 'ஆசியா/கொல்கத்தா' ஒன்றுதான். 2002இல் ஐசக் ரிச்சர்ட்ஸ் தொடங்கிய மித்டிவி என்ற கட்டற்ற மென்பொருள், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தேர்ந்து குறித்துவைத்துப் பதிவு செய்துகொடுக்கும். அதுவும் அந்த நகரத்தின் பெயரைப் பார்த்துத்தான் கடிகாரம் பார்க்கிறது.

நிகழ்ச்சி நிரல் வருவது எக்ஸ்எம்எல்டிவி என்ற வடிவத்தில். 2025 மகாளயத்தன்று விடியற்காலை நான்கு மணி அதில் இப்படி இருக்கும்: 20250921040000 +0530. கடைசி ஐந்து குறிகளை விட்டுவிட்டால் உலகப் பொது நேரமென்று கொள்வது விதி. அப்போது நான்கு மணி நிகழ்ச்சிக்குப் பதிவுப்பெட்டி ஒன்பதரைக்குத்தான் விழிக்கும்.

இந்த மண்டலப் பெயர்களைக் காக்கும் கட்டற்ற தரவுத்தளத்தில் கொல்கத்தாவின் பழைய வரலாறும் சில வரிகளில் இருக்கிறது. தமிழ் வாசகர் ஆசையோடு படிக்க வேண்டிய வரிகள் அவை. 1854 முதல் ஹௌரா நேரம், கிரீனிச்சுக்கு 5 மணி 53 நிமிடம் 20 விநாடி முன்னால். 1870 முதல் மெட்ராஸ் நேரம், 5 மணி 21 நிமிடம் 10 விநாடி. 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வுக்கூடம் கணித்த நேரம், இரயில்களோடு வங்கம் வரை போன கதையின் தடம் அது.

ஆனால் ஊர் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. நாட்டுப் பொது நேரத்தைவிட ஏறத்தாழ 24 நிமிடம் முந்திய தன் கல்கத்தா நேரத்தை 1948 வரை விடாமல் வைத்திருந்தது. தன் நேரத்தை நெடுநாள் காத்த நகரத்தின் பெயரே இன்று நாடு முழுவதற்குமான நேரத்தின் பெயராக நிற்பது எவ்வளவு பொருத்தம்!

கடிகாரத்தில் இருந்த அந்தப் பிடிவாதம் வானொலியிலும் உண்டு. 1931இல் வாணிகுமார் எழுத, பங்கஜ் மல்லிக் இசையமைக்க, பீரேந்திர கிருஷ்ண பத்ரா ஓதிய 'மகிஷாசுர மர்த்தினி' என்ற நிகழ்ச்சி கல்கத்தா வானொலியில் ஒலித்தது. நாளடைவில் அது மகாளய விடியலின் நான்கு மணிக்கே உரியதாகிவிட்டது. எழுந்து, விளக்கைப் போடாமல், வீடு முழுவதும் கேட்கிற நிகழ்ச்சி. தெருவில் நடந்தால் ஒரு வீட்டில் விட்ட சொல்லை அடுத்த வீட்டில் தொடரலாம். 1976இல் அந்த இடத்தில் வேறொரு நிகழ்ச்சியை ஒலிபரப்பினார்கள். குரல் கொடுத்தவர் உத்தம் குமார், வங்காளம் தலையில் வைத்துக் கொண்டாடிய திரை நாயகன். இசை ஹேமந்த முகர்ஜி. இருந்தும் நேயர்கள் கொதித்தெழுந்தார்கள். பத்ராவின் குரலை வானொலி திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 1975 ஆகஸ்ட் 9 அன்று, கல்கத்தாவுக்குத் தொலைக்காட்சி வந்திருந்தது. இன்று வங்காள அலைவரிசைகள் மகாளய விடியலுக்கென்றே நாட்டிய நாடகங்களைத் தயாரிக்கின்றன. மித்டிவி அவற்றைப் பதிவு செய்துவைக்கும், வேண்டியபோது பார்க்கலாம்.

ஆனாலும் மகாளயம் நெருங்கும்போது கொல்கத்தாவின் பழுதுபார்க்கும் கடைகளுக்குப் பழைய வால்வு ரேடியோக்கள் இன்னும் வருகின்றன. நான்கு மணிக்குள் அவை பேசியாக வேண்டும்.