மேகமூட்டத்தில் எடுத்த படங்கள்

வானில் பறக்கும் போர் விமானத்தை நிழற்படம் எடுக்க விரும்புகின்றவன் முதலில் நீலவானத்தை வேண்டிக்கொள்ள வேண்டும். 2023-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் கோல கெடாவிலிருந்து லங்காவிக்குப் படகேறிய எனக்கு அந்த வரம் கிட்டவில்லை. 1991-இல் தொடங்கிய லங்காவிக் கடல், வான்வெளிக் கண்காட்சியை 2013 முதல் 2019 வரை மார்ச் மாதத்தில் நடத்தினார்கள். அத்தீவில் மார்ச் வெயில் மாதம். கொரோனாப் பெருந்தொற்றால் 2021-இல் நின்றுபோன கண்காட்சி, 2023-இல் மே மாதத்துக்கு வந்துவிட்டது. மே என்றால் தென்மேற்குப் பருவக்காற்று வாசலில் வந்து நிற்கும் காலம். பாடாங் மாட்சிராட்டை நான் அடைந்தபோது மாட் சின்சாங் மலையின் மேற்பாதியைக் காணவில்லை, முகில் விழுங்கியிருந்தது.

நான் போனது விமானம் பார்ப்பதற்காக மட்டுமன்று. ஒரு பழைய கடனைத் தீர்க்கவும் போனேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

போர் விமானத்தின் சாம்பல் நிறம் அழகுக்காகப் பூசப்பட்டதன்று. வானோடு வானாய்க் கரைந்து எதிரியின் கண்ணை ஏமாற்றுவதற்காகப் பூசப்பட்டது. அன்று அது என் கண்ணையும் கேமராவையும் சேர்த்தே ஏமாற்றியது. தானாகக் குவியம் தேடும் லென்ஸ் பற்றிக்கொள்வதற்கு ஒளிக்கும் இருளுக்கும் இடையே ஒரு விளிம்பு வேண்டும். சாம்பல் வானில் சாம்பல் விமானம் வந்தால் அது எதைப் பற்றும்? முன்னும் பின்னும் ஓடி, உறுமி, களைத்துப்போயிற்று. ஒலியைக் கேட்டுத் திரும்பலாம் என்றால் அதுவும் பயனில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து இரைச்சல் நம்மை வந்தடைய நான்கு வினாடிக்கு மேலாகும். அதற்குள் விமானம் வேறிடம் போயிருக்கும்.

வகுப்பறைப் பழக்கம் விடவில்லை. நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 900 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 250 மீட்டர். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி திறந்து மூடினாலும் அதற்குள் விமானம் 25 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஆகவே அதன் ஓட்டத்தோடு நாமும் இடுப்பிலிருந்து சுழன்று, கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுக்க வேண்டும். வெயில் இருந்தால் இந்த வேகம் எளிது. ஒளி குறைந்த நாளில், வேகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600-க்கு உயர்த்த வேண்டியிருக்கிறது. உயர்த்தினாலோ படமெங்கும் மணலைத் தூவியது போன்ற புள்ளிகள். எதையேனும் ஒன்றை இழந்தே தீர வேண்டும். நான் புள்ளிகளை ஏற்றுக்கொண்டேன்.

முதல் முப்பது படங்களில் இருந்தவை கரிய நிழல்கள் மட்டுமே. சுகோய் எது, ஹார்னெட் எது என்பதை உருவமைப்பைக் கொண்டுதான் சொல்ல முடிந்தது. பிழை விமானத்தினுடையதன்று. கேமராவின் ஒளியளவி, எதைக் கண்டாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறமாகவே இருக்குமென்று எண்ணி அளக்கும். படத்தில் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது வெளிறிய வானம். அந்த வெண்மையை அது சாம்பலாக்க முயலும்போது, நடுவே இருக்கும் சிறிய பொருள் கருகிவிடுகிறது. மருந்து எளியதே: ஒளியளவி சொல்வதற்கு மேல் ஒரு படி, ஒன்றரைப் படி கூடுதலாக ஒளியை விட வேண்டும். வானம் வெளுத்துப்போகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

அப்படி விட்ட பிறகு நான் கண்டதை மறக்க முடியாது. சுகோய் தாழ்வாக வந்து சட்டென மூக்கை உயர்த்தித் திரும்பியது. ஈரம் செறிந்த காற்றல்லவா? இறக்கையின் மேற்புறத்தில் அழுத்தம் குறைந்து காற்று குளிர, நீராவி திரண்டு வெண்துகிலாய் அதன் முதுகின்மேல் ஒரு கணம் படர்ந்து மறைந்தது. இரு எந்திரங்களிலும் ஆஃப்டர்பர்னர் நெருப்பு செம்மஞ்சளாய் நீண்டது. உச்சி வெயிலில் அந்த நெருப்பு கண்ணுக்குத் தெரிவதே அரிது. மங்கிய வானம்தான் அதனைக் காட்டிக்கொடுத்தது. வெயில் இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

இனிக் கடனுக்கு வருகிறேன். பயிற்சிக் கல்லூரியை முடித்து வேலைக்கு வந்த புதிதில், பென்டாக்ஸ் கே1000 ஒன்றை வாங்கினேன். 1998-இல், தோட்டப் பள்ளியொன்றில் ஆறாம் ஆண்டு மாணவர்களை வெள்ளையடித்த சுவரின் முன்னே வெள்ளைச் சட்டையோடு நிறுத்தி, ஒளியளவியை நம்பிப் படம் எடுத்தேன். சுவரும் சட்டைகளும் துல்லியமாக விழுந்தன. பிள்ளைகளின் முகங்கள் இருண்டு போயின. அவற்றுள் ஒரு முகத்துக்குரியவன் இப்போது விமானப்படையில் சார்ஜன்ட். பட்டர்வொர்த் தளத்தில் ஹார்னெட் விமானங்களைப் பராமரிக்கிறான். பால்மரம் வெட்டி அவனைப் படிக்கவைத்த அவன் தாயார், சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பழைய படத்தை என்னிடம் நீட்டி, "இதுல எம்மவன் எங்கய்யா இருக்கான்?" என்று கேட்டார். எடுத்தவன் நான். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. லங்காவிக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் வீடு தேடி வந்துவிட்டார். "அவன் வேலை செய்யற ஏரோப்ளேன் பக்கத்துல நிக்க வச்சு ஒண்ணு எடுத்துட்டு வாங்கய்யா. மூஞ்சி தெரியணும்."

மாலையில், மழை இறங்குமுன், மேலதிகாரியிடம் அனுமதி பெற்று அவன் ஹார்னெட்டின் இறக்கைக்குக் கீழே வந்து நின்றான். "நேரா நிக்கட்டுமா, சார்?" என்று கேட்டான், அன்றும் அப்படித்தான் கேட்டிருப்பான். அவனுக்குப் பின்னால் வெண்முகில். முகத்திலோ இறக்கையின் நிழல். மின்வெட்டொளியை நான் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தேன். இரண்டு படி கூட்டினேன். போதவில்லை. மேலும் அரைப்படி கூட்டினேன். வானம் வெறும் காகிதமாயிற்று. விமானத்தின் வால் பாதி ஒளியில் கரைந்தது. முகம் மட்டும், நெற்றியில் இருந்த சிறு தழும்போடு, நின்றது.

பெரிய அளவில் அச்சிட்டு, அதனோடு நெருப்பைக் கக்கும் சுகோய்ப் படத்தையும் அந்த அம்மாளிடம் கொடுத்தேன். சுகோயைத் திண்ணையில் ஓரமாக வைத்தார். மற்றதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கண்ணருகே பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"இளைச்சுப் போயிட்டானேய்யா," என்றார்.