ட்ரவுட் மீனும் எட்டாம் நம்பர் தூண்டிலும்

மே மாதம் பிறந்தால் எனக்கு வருகிற ரெலிபோன் அழைப்புகளில் பாதி தூண்டில் தடி பற்றியதாகத்தான் இருக்கும். "அண்ணை, பெடியன் மீன் பிடிக்கப் போகவேணும் எண்டு நிக்கிறான். என்ன தடி வாங்கிறது?" இப்படித்தான் தொடங்குவார்கள். நோர்வேயில் பிறந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் காட்டுக்கும் ஏரிக்கும் கூட்டிப்போகிறார்கள். பக்கத்துப் பெடியன் ஒரு ட்ரவுட்டைத் தூக்குவதைக் கண்டுவிட்டு வந்து பிள்ளை தகப்பனை அரிக்கும். தகப்பன் என்னை அரிப்பார். ஒஸ்லோவில் இத்தனை தமிழர் இருக்க ஏன் என்னைக் கேட்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சாமான்களைப் பார்ப்போம்.

கடைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தடியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விற்கிறவரும் அப்படித்தான். என்னுடைய வரிசை தலைகீழ். முதலில் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். பிறகு என்ன இரை, பிறகு நூல். தடி கடைசியில்.

எனக்குத் தெரிந்த ஒருவர் மகனுக்காக நல்ல காசு குடுத்துப் பத்தடித் தடி வாங்கினார். சல்மன் பிடிக்கிற தடி. றீலில் 0.40 மில்லிமீற்றர் நூல். சுறாவையும் கட்டி இழுக்கலாம். அதைக் கொண்டுபோய் நூர்மார்க்கா காட்டுக்குள் ஒரு சின்ன ஏரிக்கரையில் நின்று எறிந்தால், ஏழு கிராம் ஸ்பின்னர் காலடியில் வந்து விழுகிறது. பெடியன் அழாத குறை. ஒவ்வொரு தடியிலும் கைபிடிக்கு மேலே சின்ன எழுத்தில் 5-20 கிராம், 20-60 கிராம் என்று ஏதாவது எழுதியிருக்கும். அந்தத் தடி எறியக்கூடிய பாரம் அது. தடி வில்லுமாதிரி வளைந்து நிமிர்ந்துதான் இரையை எறிகிறது. பாரம் காணாவிட்டால் தடி வளையாது, வளையாவிட்டால் இரை பறக்காது. விலைச்சீட்டை வாசிக்கிற எங்கட ஆக்கள் இந்த எழுத்தை வாசிப்பதில்லை! காட்டு ஏரி ட்ரவுட்டுக்கு ஏழு அல்லது எட்டடித் தடி, 5-20 கிராம். சின்னப் பிள்ளைக்கு ஆறடி. றீல் 2500 இலக்கம். இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை.

றீலில் நூல் விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கீழே வரை நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தால் நூல் விளிம்பில் உரஞ்சித் தூரம் போகாது. கூடினால் கொத்தாகக் கழன்று சிக்கும். றீலில் இருக்கிற பிரேக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். நூலைக் கையால் இழுத்தால் அறாமல் சிணுங்கிக்கொண்டு வரவேண்டும். பெரிய மீன் ஓடும்போது அதை ஓட விடுவது அந்தப் பிரேக்தான்.

இனி நூல். இப்போது எல்லாரும் பின்னல் நூல்தான் வாங்குகிறார்கள். அது மெல்லியது, பலமானது, தூரம் போகும். ஆனால் இழுபடாது. ட்ரவுட்டின் வாய் மென்மையானது. அது தலையை உதறும்போது நூல் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காவிட்டால் தூண்டில் சதையைக் கிழித்துக்கொண்டு கழன்றுவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு எங்கட பழைய தங்கூசிதான் நல்லது. 0.20 அல்லது 0.22 மில்லிமீற்றர். அது கொஞ்சம் நீளும். பிடிக்கிறவரின் அவசரத்தை அந்த நீட்சி தாங்கிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். வெயில் நைலோனைத் தின்றுவிடும். முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு ஈரமாக்குங்கள். காய்ந்த முடிச்சு இறுகும்போது உரஞ்சிச் சூடாகி, அந்த இடத்திலேயே நூல் பலமிழக்கும். மீன் போய்விட்டது, நூல் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுகிற பலரின் பிரச்சினை இந்த எச்சில்தான்.

இரைக்கு வருவோம். ஸ்பின்னர் என்றால் மெப்ஸ். 1938இல் பிரான்ஸில் தொடங்கிய கொம்பனி. 1, 2, 3 இலக்கங்கள் ட்ரவுட்டுக்குப் போதும். தெளிந்த தண்ணீருக்கும் வெயிலுக்கும் மங்கலான செம்பு நிறம், கலங்கிய தண்ணீருக்கு வெள்ளி. தகடு சுழலுகிற அளவுக்கு மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். நூலுக்கும் ஸ்பின்னருக்கும் நடுவில் ஒரு சின்னச் சுவிவல் போடாவிட்டால் நூல் முறுக்கேறிவிடும். காற்றடிக்கிற நாளில், தூரம் எறிய வேண்டுமென்றால், பத்துப் பன்னிரண்டு கிராம் உலோகத் துண்டு. இதைத்தான் நோர்வேக்காரர் 'ஸ்லுக்' என்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விட நல்லது 'டுப்'. பாரமுள்ள பிளாஸ்ரிக் மிதவை. அதற்கப்பால் ஒன்றரை மீற்றர் நூல், நுனியில் ஒரு தூண்டில், தூண்டிலில் ஒரு மண்புழு. பின்னேரம் பூச்சிகள் தண்ணீரில் விழும் நேரம் புழுவுக்குப் பதிலாக ஒரு செயற்கைப் பூச்சி. அவ்வளவுதான். உயிருள்ள மீனை மட்டும் இரையாகப் போடக்கூடாது. நோர்வேயில் அது தடை.

புழுவுக்கு எட்டாம் நம்பர் தூண்டில் எடுங்கள். நம்பர் கூடக்கூடத் தூண்டில் சின்னதாகும். இதை எனக்குச் சொல்லித் தந்தது நோர்வேக்காரர் இல்லை. மயிலிட்டியில் எங்கள் ஐயா. அவர் வைத்திருந்த தூண்டில் பெட்டியில் ஒரு சாவிப் படம் இருக்கும். முஸ்டாட் தூண்டில். அது எந்த நாட்டுச் சாமான் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. இஞ்ச வந்து கனகாலத்துக்குப் பிறகுதான், மியோசா ஏரிக்கரையில் இருக்கிற யோவிக் என்ற ஊர்ப்பக்கம் தொடங்கிய கொம்பனி அது என்று அறிந்தேன். 1877 முதல் அவர்கள் தூண்டில் செய்கிறார்கள். நோர்வேயின் மிகப் பெரிய ஏரி மியோசா. பெரிய ட்ரவுட்டுக்குப் பேர்போனது. அந்த ஏரிக்கரையில் செய்த இரும்பு கடல் கடந்து வந்து மயிலிட்டியில் விளைமீன் பிடித்திருக்கிறது. அதன் பிறகுதான் நான் இஞ்ச வந்திருக்கிறேன். எனக்கு விசா இல்லாத நாட்டிலிருந்து எங்கட வீட்டுக்குத் தூண்டில் விசா இல்லாமல் வந்துபோயிருக்கிறது!

இப்போது அந்தக் காரணம். என்னைக் கேட்கிறார்கள், ஏனென்றால் என் ஐயா கடற்தொழிலாளி. இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "உங்களுக்குத் தெரியும்தானே அண்ணை" என்று இழுப்பார்கள். அந்தத் 'தானே'க்குள் எல்லாம் இருக்கிறது. ஒருமுறை ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், நான் ஏரிக்குப் போய்வந்த கதையைக் கேட்டுவிட்டு ஒரு வயதான ஐயா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "இஞ்ச வந்தும் உதை விடேல்லையே." இரண்டு பேரும் சிரித்தார்கள். அதே மண்டபத்தில் அவருடைய மருமகன் தன் கைத்தொலைபேசியில் ஒரு கிலோ ட்ரவுட்டோடு நிற்கிற படத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அதற்கு எல்லாரும் "ஆகா" என்றார்கள். ஒரே மீன், ஒரே தூண்டில். அவர் பிடித்தால் பொழுதுபோக்கு, நான் பிடித்தால் சாதி.

நோர்வேக்காரருக்கு இது விளங்காது. இங்கே டொக்டரும் பிடிப்பார், பஸ் ஓட்டுகிறவரும் பிடிப்பார், பக்கத்தில் பக்கத்தில் நின்று பிடிப்பார்கள். எண்பதுகளில் வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்ய எங்கட ஆக்கள் எத்தனை பேர் போனார்கள்! பிறகு நானும் அங்கே இரண்டு வருடம் கொட் மீன் வெட்டினேன். எனக்குப் பக்கத்தில் நின்று வெட்டியவர்களில் கனபேர் ஊரில் மீன்காரரைத் திண்ணையில் ஏற்றாத வீட்டுப் பிள்ளைகள். கத்தி பிடிக்கத் தெரியாமல் கையை வெட்டிக்கொள்வார்கள். நாங்கள்தான் பிடிக்கப் பழக்கினோம். இதை நான் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சாமான்களில் ஒன்று பாக்கி. அதுதான் முக்கியமானது. 'பிஸ்கேகோர்ட்', மீன்பிடி அட்டை. கடலில் தூண்டில் போட நோர்வேயில் அட்டை தேவையில்லை. ஏரிக்கும் ஆற்றுக்கும் அந்தத் தண்ணீரின் உரிமையாளர் அல்லது சங்கத்திடம் வாங்கவேண்டும். சல்மனும் கடல் ட்ரவுட்டும் ஏறுகிற ஆறுகளுக்குப் பதினெட்டு வயது தாண்டியவர் அரசாங்கக் கட்டணமும் தனியாகக் கட்டவேண்டும். அவை ஏறாத தண்ணீர்களில் பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ஜனவரி 1 முதல் ஓகஸ்ட் 20 வரை இலவசமாகப் பிடிக்கலாம். எந்த அளவு மீனை எடுக்கலாம், எப்போது பிடிக்கக்கூடாது என்ற விதிகள் தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். வாங்கும்போதே வாசியுங்கள்.

சிலர் அட்டை வாங்கச் சலிக்கிறார்கள். "காட்டுக்குள்ள ஆர் வந்து பாக்கப்போறான்" என்பார்கள். யுத்த காலத்தில் எங்கட கடலில் இறங்குவதற்கும் பாஸ் இருந்தது. நேவி விட்டால்தான் போகலாம், சொன்ன நேரத்துக்குள் திரும்பவேண்டும். 1990இல் மயிலிட்டியிலிருந்து எங்களை எழுப்பியபிறகு பாஸும் இல்லை, கடலும் இல்லை. துறைமுகத்தைத் திருப்பித் தர 2017 ஆனது. ஐயா அதைக் காண இல்லை. அதனால் எனக்கு இந்த அட்டை பாரமில்லை. காசு கட்டினால் தருகிறார்கள், பேரைக் கேட்கிறார்கள், எந்த ஊர் என்று கேட்பதில்லை. அந்தக் காசு மீன்குஞ்சு விடவும் ஏரியைப் பராமரிக்கவும் போகிறது.

தண்ணீருக்குப் போனால் சத்தம் போடாதீர்கள். ஆற்றில் ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும். ஆகவே கீழ்ப்பக்கமிருந்து ஏறிப் போங்கள். கரையில் நிமிர்ந்து நின்று நிழல் விழுத்தாதீர்கள். சின்ன மீன் பட்டால், கையை நனைத்துவிட்டுத் தொட்டு விடுங்கள். காய்ந்த கை அதன் வழுவழுப்பை உரித்துவிடும். தூண்டில் முள்ளைக் குறட்டால் நசுக்கி வைத்தால் கழற்றுவது சுகம். வைத்துக்கொள்கிற மீனைத் துடிக்க விடவேண்டாம். தலையில் ஒரு அடி, உடனே இரத்தம் விடுதல். 2010இல் நடைமுறைக்கு வந்த விலங்குநலச் சட்டம் மீனுக்கும் பொருந்தும். ஒரு ஆற்றிலிருந்து இன்னொரு ஆற்றுக்குப் போகுமுன் சப்பாத்து, அத்தாங்கு எல்லாவற்றையும் நன்றாகக் காயவிடுங்கள், அல்லது கிருமி நீக்குங்கள். எழுபதுகளில் நோர்வேக்குள் வந்த ஒரு ஒட்டுண்ணி பல ஆறுகளின் சல்மனை அழித்திருக்கிறது. ஈரச் சாமானோடு அது பயணம் செய்யும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட ட்ரவுட்டைக் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பிட வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. பாதரசம்தான் காரணம். மற்றவர்களுக்குச் சின்ன ட்ரவுட் சொதிக்கு அருமை.

அடுத்த முறை பிள்ளைக்குத் தடி வாங்கும்போது என்னைக் கேளுங்கள், தாராளமாகச் சொல்வேன். ஒன்று மட்டும் செய்யுங்கள். "இந்த முடிச்சு உங்களுக்கு எப்பிடித் தெரியும் அப்பா?" என்று பிள்ளை கேட்டால், யூரியூப்பில் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள். எங்கட ஊரில் கடற்தொழில் செய்தவர்கள் போட்ட முடிச்சு என்று சொல்லுங்கள். பிள்ளை அதில் வெட்கப்பட ஒன்றையும் காணாது. அது நோர்வேயில் வளர்ந்த பிள்ளை.